வராதவர்களின் கணக்கு

1920 நவம்பர் 30ஆம் தேதி சென்னை மாகாணத்தில் சட்டசபைத் தேர்தல் நடந்தது. மாண்டேகு - செம்ஸ்போர்டு சீர்திருத்தங்களின் விளைவாக வந்த இரட்டையாட்சி முறையில் நடந்த முதல் தேர்தல். சொத்தும் வரிச்சீட்டும் உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு, பெண்களுக்குக் கிடையாது. 4 கோடிக்கு மேல் ஜனத்தொகை கொண்ட மாகாணத்தில் ஓட்டர் பட்டியலில் இடம் பெற்றவர்கள் ஏறக்குறைய 12½ லட்சம் பேர். இவர்களில் வந்து ஓட்டுப் போட்டவர்கள் 3 லட்சத்துச் சொச்சம். அதாவது நூற்றுக்கு 25 பேர்.

சரித்திரப் புத்தகங்கள் இந்த 25 பேரின் பலனைப் பற்றித்தான் விரிவாகப் பேசுகின்றன. மீதி 75 பேரைப் பற்றி ஒரு வரி உண்டு: காங்கிரஸ் அந்தத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. இந்த ஒரு வரியின் மேல் எனக்கு வெகுநாளாகச் சந்தேகம்.

கல்கத்தாவில் காங்கிரஸின் விசேஷ மாநாடு ஒத்துழையாமையை ஏற்றுக்கொண்டது 1920 செப்டம்பரில். சட்டசபைப் பகிஷ்காரம் அதில் ஒரு அம்சம். தேர்தலுக்கு அப்போது மூன்று மாதம்கூட இல்லை. அந்த அவகாசத்தில் காந்தியின் சொல் தஞ்சாவூர் ஜில்லாவின் ஒரு மிராசுதாரையோ கோயமுத்தூர்ப் பக்கத்துப் பட்டக்காரரையோ எட்டி, அவர் யோசித்து, மனசாட்சியின் பேரில் வீட்டில் இருந்தார் என்று நம்பலாம். அப்படிச் சிலர் இருந்தும் இருப்பார்கள். ஆனால் ஓட்டு என்பதே பழக்கமில்லாத காலம். கார்த்திகை மாதத்து மழைக்காலம். பட்டியலில் தன் பெயர் இருப்பதே தெரியாதவர், தெரிந்தும் பத்து மைல் வண்டி கட்டிப் போக மனமில்லாதவர், யார் போய் உட்கார்ந்தாலும் கலெக்டர் கலெக்டராகத்தான் இருக்கப் போகிறார் என்று நினைத்தவர் - இவர்கள் எல்லோரும் அன்று வீட்டில் இருந்தார்கள். தேசபக்தியினால் வராதவரும் சோம்பலினால் வராதவரும் பெட்டிக்குள் ஒரே மாதிரித்தான் இல்லாமல் இருக்கிறார்கள்.

எந்தப் பங்கு எவ்வளவு என்று ஊகிக்க ஒரு வழி இருக்கிறது. 1923 தேர்தலில் காங்கிரஸ்காரர்களில் ஒரு பகுதியினர் சுயராஜ்யக் கட்சியாகப் போட்டியிட்டார்கள். அப்போது ஓட்டுப் போட்டவர்கள் நூற்றுக்கு 36 பேர். 1926இல் சுயராஜ்யக் கட்சி முழு மூச்சோடு நின்றது. அப்போது 48க்குச் சற்று மேல். பகிஷ்காரம் நீங்கி, மூன்று தேர்தல் பழக்கமும் ஏற்பட்ட பிறகும் பாதிக்கு மேல் வரவில்லை. ஆக 1920இன் 75 பேரில் காந்திக்காக வராதவர்களைவிட ஒன்றுக்காகவும் வராதவர்கள்தான் அதிகம் என்று நினைக்க இடமிருக்கிறது. ஆனால் 75 பேரையும் காங்கிரஸின் கணக்கில் எழுதிக்கொள்வது சுலபமாக இருந்தது. அதே 75 பேரை, இந்த ஜனங்கள் சுயாட்சிக்குத் தயாராகவில்லை என்பதற்குச் சாட்சியாக ஒரு வெள்ளைக்கார அதிகாரி எழுதிக்கொள்வதும் அதே அளவுக்குச் சுலபம். வராதவர் மறுப்பு எழுதப் போவதில்லை. மறுப்பு எழுதுகிறவராக இருந்தால் வந்திருப்பார்.

அந்தத் தேர்தலின் பலன் தெரிந்ததுதான். தேர்ந்தெடுக்கப்பட்ட 98 இடங்களில் ஜஸ்டிஸ் கட்சிக்கு 63. டிசம்பரில் சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரியானார். சில மாதங்களில் உடல்நலம் கெட்டு விலக, பனகல் ராஜா வந்தார். 1921இல் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுக்கும் தீர்மானம் சட்டசபையில் நிறைவேறியது. அதே ஆண்டு செப்டம்பரில் 613ஆம் எண் அரசாணை - முதல் வகுப்புவாரி ஆணை. 1925இல் இந்து அறநிலையச் சட்டம். சர்க்கார் உத்தியோகம், கோயில் வருமானம் இரண்டிலும் யார் கை ஓங்கியிருந்ததோ அந்தக் கையைக் கொஞ்சமாவது இறக்கிய காரியங்கள் இவை. இவை நடந்திருக்கவே வேண்டும் என்பதுதான் என் அபிப்பிராயம். ஆனால் நடந்த விதத்தைப் பாருங்கள். 25 பேர் கொடுத்த அதிகாரத்தில் நடந்தவை என்பது பாதி உண்மை. 75 பேர் யாருக்கும் எதுவும் கொடுக்காததால் நடந்தவை என்பது மறுபாதி. வகுப்புவாரி ஆணையை உள்ளூர வெறுத்திருக்கக்கூடிய பலர் 1920 நவம்பர் 30 அன்று திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். தமிழ்நாட்டின் நூறு ஆண்டு அரசியலைத் திருப்பிவிட்டதில் அவர்களுக்கும் பங்கு உண்டு, அவர்களுக்குத் தெரியாமல்.

இதில் ஒரு உபகதை. 1919இல் காங்கிரஸில் சேர்ந்த ஈ.வெ.ரா. அப்போது பகிஷ்கரித்த கட்சியில் இருந்தார். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்தைக் காங்கிரஸ் மாநாடுகளில் தீர்மானமாகக் கொண்டுவர முயன்று முயன்று, 1925இல் காஞ்சிபுரத்தில் அது மறுக்கப்பட்டபோது வெளியேறினார். தன் கட்சி புறக்கணித்த சட்டசபையில் ஏற்கெனவே கோப்பாகிவிட்ட ஒரு கொள்கையை, புறக்கணித்த கட்சிக்குள்ளே நின்றுகொண்டு அவர் கேட்டுக்கொண்டிருந்தார். யார் உள்ளே யார் வெளியே என்பது சரித்திரத்தில் பல சமயம் கட்சி அட்டையை வைத்துத் தீர்மானமாவதில்லை.

1926 இன்னும் விசித்திரம். சுயராஜ்யக் கட்சிக்கு 98இல் 41 இடம். ஜஸ்டிஸ் கட்சிக்கு 21. ஜெயித்தவர்கள் இரட்டையாட்சியில் மந்திரி பதவி ஏற்பதில்லை என்ற கொள்கையில் நின்றார்கள். தோற்றவர்களால் முடியாது. கவர்னர் கோஷன் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயனைக் கூப்பிட்டார். எந்தக் கட்சியையும் சேராதவர்களைக் கொண்ட மந்திரிசபை ஒன்று, சர்க்கார் நியமித்த அங்கத்தினர்களின் தயவோடு, 1926 டிசம்பரில் உண்டாயிற்று. கட்சி சாராதவர்கள் ஆண்டால் எப்படி இருக்கும் என்று இன்று காபி ஹவுஸ்களில் கனவு காண்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். சைமன் கமிஷன் வந்த சமயம், அதைப் பகிஷ்கரிப்பதா என்ற கேள்வியில் மூன்று மந்திரிகளில் இருவர் போய்விட்டார்கள். மிஞ்சியவர் ஜஸ்டிஸ் கட்சியின் ஆதரவில்தான் நின்றார். அதன் பிறகு மந்திரியாக வந்த எஸ். முத்தையா முதலியார்தான் வகுப்புவாரி ஆணையைக் காகிதத்திலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பன்னிரண்டு வேலைகளில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, கிறிஸ்தவர்களுக்கும் ஆங்கிலோ-இந்தியர்களுக்கும் 2, முஸ்லிம்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 என்ற முறை அப்போது வந்தது. ஆக, கட்சி சாராதவர்களின் மந்திரிசபை ஒரு கட்சியின் வேலையைத்தான் செய்து முடித்தது. கட்சி சாராமை என்பது நிற்பதற்கு ஒரு இடமாக அன்றும் இல்லை; அடுத்த சாய்மானம் கிடைக்கும்வரை இருக்கிற ஒரு நிலைதான்.

1930இல் மீண்டும் காங்கிரஸ் பகிஷ்காரம், மீண்டும் ஜஸ்டிஸ் கட்சி. 1937இல் காங்கிரஸ் வந்தது, 215இல் 159. அந்தக் கதைக்குள் போக வேண்டியதில்லை.

வயது வந்தோர் எல்லோருக்கும் ஓட்டு என்றான 1952க்குப் பிறகு, வராதவர் என்ற ஆசாமியே மாறிப்போகிறார். 1920இல் வராதவரையும் வரக்கூடாதவரையும் பிரித்துப் பேச வேண்டியிருந்தது. நிலமில்லாதவர்கள், பெண்கள், சேரி ஜனங்கள் - இவர்கள் வராதவர்கள் அல்ல; வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்கள். வாசல் திறந்தபின் இவர்கள் வந்தார்கள். படிப்பகம், மன்றம், கொடிக்கம்பம், கரைவேட்டி என்று கட்சி இங்கே ஒரு வாழ்க்கை முறையாக ஆயிற்று. கல்யாணப் பத்திரிகையில் தலைவர் படம் வந்தது. இதில் சேராமல் ஒதுங்கினவர் யாரென்று பார்த்தால், பெரும்பாலும் 1920இல் வரிச்சீட்டு வைத்திருந்தவரின் பேரன். பட்டணத்துக்காரர், படித்தவர், பத்திரிகை வாங்குகிறவர். ராமன் ராவணன் பழமொழியை அவருடைய தாத்தா கவலையில்லாமல் சொன்னார். இவர் அதைக் கொஞ்சம் அருவருப்போடு சொல்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த அருவருப்பு நம்முடையதும்தான். நம் சிறுபத்திரிகைகளில் 'கட்சி சாராதவன்' என்பது ஒரு கௌரவப் பட்டமாகவே புழங்கி வந்திருக்கிறது. தனிமனிதப் பிரக்ஞை, ஸ்தாபனங்களின் மேல் நம்பிக்கையின்மை, கூட்டத்தின் கோஷத்தில் குரல் தொலைந்துவிடும் என்ற பயம் - இவை பொய்யல்ல. மேடைத் தமிழின் இரைச்சலுக்கு எதிராகத்தான் இங்கே நவீன கவிதை தன் குரலைக் கண்டுபிடித்தது. ஆனால் எழுத்தில் இருக்க வேண்டிய ஒரு விலகலை ஓட்டுச் சாவடிக்கும் நீட்டிக்கொண்டு, அதையும் ரசனையின் ஒரு அம்சமாக எண்ணினோமோ என்று இப்போது தோன்றுகிறது.

சென்னை மாநகராட்சியை உதாரணம் சொல்லலாம். 1973இல் மஸ்டர் ரோல் ஊழல் வெடித்தது. வேலைக்கு வராதவர்கள், இல்லவே இல்லாதவர்கள் பெயரெல்லாம் வருகைப் பதிவேட்டில் ஏறி, அவர்கள் பெயரில் கூலி போய்க்கொண்டிருந்தது என்பது விஷயம். அந்த ஆண்டு டிசம்பரில் மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. ஊழலுக்காகக் கலைத்தால் மறுபடி தேர்தல் வைத்துப் புது மன்றம் கொண்டுவர வேண்டியதுதானே? அடுத்த தேர்தல் 1996 அக்டோபரில் நடந்தது. 23 ஆண்டுகள். இடையில் தி.மு.க. போய், ஜனாதிபதி ஆட்சி வந்து, எம்.ஜி.ஆர். வந்து, மறுபடி தி.மு.க. வந்து, ஜெயலலிதா வந்து போனார். எல்லா ஆட்சிக்கும் தனி அதிகாரியே சௌகரியமாக இருந்தார். 1971இல் 25 லட்சம் ஜனங்கள் இருந்த நகரம் 1991இல் 38 லட்சமாயிற்று. தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நின்ற பெண்களுக்கு, போய்க் கேட்க ஒரு வார்டு கவுன்ஸிலர் இல்லை. 1973இல் 21 வயதாகியிருந்த ஒருவர், கவுன்ஸிலருக்கு முதல் ஓட்டுப் போடும்போது அவருக்கு 44 வயது.

அந்த 23 ஆண்டுகள்தாம் இந்த நகரத்திலிருந்து சிறுபத்திரிகைகள் தழைத்து வந்த ஆண்டுகள் என்பதை நாம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஸார்த்தரின் பொறுப்பு பற்றி எழுதினோம். அந்நியமாதல் பற்றி எழுதினோம். ஸ்ட்ரக்சுரலிஸம் வந்தது. நாம் உட்கார்ந்து எழுதின தெருவின் குப்பைத் தொட்டிக்கு எந்தத் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் பொறுப்பில்லை என்பது ஒரு பொருட்டாகப் படவில்லை. 1996 தேர்தல் நகரவாசிகளின் கோபத்தால் வந்ததல்ல. 1993இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் டெல்லியிலிருந்து கட்டாயப்படுத்தியது. யாரும் தேடாத ஒன்றை எடுத்துவிட்டால் எந்தக் கட்சிக்கும் சேதமில்லை. 1973க்கு முன்பே நகரத்தின் படித்த பாதி வார்டு விஷயங்களிலிருந்து மனத்தளவில் விலகியிருந்ததால்தான், கலைப்பது அவ்வளவு எளிதாக இருந்தது என்று நினைக்கிறேன். 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தபோதும் இதுவே நடந்தது. அடுத்த தேர்தலுக்கு 2022 பிப்ரவரிவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கட்சி இல்லாதவர்கள் சும்மாவே இருந்தார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. 1996 சட்டசபைத் தேர்தலில் ஈரோடு பக்கம் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் குறையைச் சொல்ல ஒரு வழி கண்டார்கள். வராமல் இருப்பதற்குப் பதில் எல்லோரும் வருவது. அந்த ஒரு தொகுதியில் 1,033 வேட்பாளர்கள். தேர்தலை ஒத்திவைத்து, ஓட்டுச்சீட்டைப் புத்தகமாக அடிக்க வேண்டியிருந்தது. 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. அவர்களே தங்களுக்குப் போட்டுக்கொள்ளவில்லை என்று அர்த்தம். (தேர்தல் சரித்திரத்தில் இவ்வளவு சுயநலமற்ற வேட்பாளர்களை நான் கேள்விப்பட்டதில்லை.) சர்க்கார் என்ன செய்தது? அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி, சட்டசபைக்கு 250 ரூபாயாக இருந்த டெபாசிட்டை 5,000 ரூபாயாக உயர்த்தியது. வரிச்சீட்டு வேறு உருவத்தில் திரும்பி வந்தது.

அடுத்தது 49-ஓ. 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் இருந்த ஒரு உட்பிரிவு. ஓட்டுச் சாவடிக்குப் போய், பதிவேட்டில் பெயர் ஏறின பிறகு, யாருக்கும் ஓட்டுப் போட விருப்பமில்லை என்று சொல்லி அதிகாரியின் குறிப்புக்குக் கீழே கையெழுத்துப் போடலாம். பத்திரிகையாளரும் நாடகக்காரருமான ஞாநி இதை 2006 தேர்தலில் 'ஓ போடு' என்று பிரசாரமாக எடுத்துச் சென்றார். சினிமாப் பாட்டு ஏற்கெனவே பிரபலமாக்கியிருந்த வார்த்தை. அது நல்ல காரியம் என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். வீட்டில் இருப்பவரின் மௌனத்துக்கு ஒரு விலாசம் கொடுக்கப் பார்த்தது அது. நானும் போனேன். அதிகாரி கையேட்டைப் புரட்டினார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. ஏஜண்டுகள் எல்லோரும் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார்கள். ரகசிய ஓட்டு என்பது கட்சிக்குப் போடுகிறவருக்கு மட்டும்தான் என்று அன்று தெரிந்தது. சாயங்காலம் டீக்கடையில் அந்த ஏஜண்டுகளில் ஒருவர், 'கோவிச்சுக்காதீங்க சார், எங்களுக்கு எதிரா ஒண்ணு குறைஞ்சுது, அதான் சந்தோஷம்' என்றார். நான் அவர்களுக்குப் போட்டிருக்க மாட்டேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எதிர்க்கட்சி ஏஜண்டும் அன்று இதையே நினைத்திருக்கலாம்.

2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம், இந்த மறுப்பும் ரகசியமாக இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. இயந்திரத்தின் கடைசியில் 'நோட்டா' பொத்தான் வந்தது. அதற்கு எவ்வளவு விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்துவிடுவார். எண்ணுவார்கள், ஆனால் கணக்கில் சேராது. அந்த எண்ணிக்கையும் என்ன சொல்கிறதென்று பாருங்கள். 2014 மக்களவைத் தேர்தலில் நீலகிரித் தொகுதியில் நோட்டாவுக்கு 46,559, அ.தி.மு.க., தி.மு.க.வுக்கு அடுத்து மூன்றாம் இடம். மலைநாட்டில் கட்சி வெறுப்பு கிளம்பிவிட்டது என்று சந்தோஷப்படுமுன் ஒன்று ஞாபகம் வர வேண்டும். அங்கே பா.ஜ.க. வேட்பாளரின் மனு தள்ளுபடியாகியிருந்தது. அந்த 46,559இல் கட்சி வேண்டாதவர் எத்தனை, தன் கட்சி இல்லாததால் அழுத்தியவர் எத்தனை? 1920இன் கேள்விதான் இது, இயந்திரத்தில் கேட்கப்படுகிறது. ஞாநி 2014இல் ஆம் ஆத்மி வேட்பாளராக ஆலந்தூர் இடைத்தேர்தலில் நின்றார். அவரைப் பரிகாசம் செய்தவர்கள் உண்டு. மறுப்புக்கு இந்த முறையில் இடமில்லை என்பதை நம்மில் எவரையும்விட அவர் நேரடியாகச் சோதித்துப் பார்த்திருந்தார்.

கட்சிகள் இந்த ஆசாமியை எப்படி நடத்துகின்றன என்பது வேறு விஷயம். கொள்கை சொல்லி அவரைப் பிடிக்க முடியாது; கூட்டத்துக்கு வர மாட்டார். எனவே அவரை விட்டுவிடுவது ஒரு வழி. விலை பேசுவது இன்னொரு வழி. 2009க்குப் பிறகு 'திருமங்கலம் ஃபார்முலா' என்பது நம் அரசியல் அகராதியில் ஒரு சொல். 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் பணப் பட்டுவாடாவினால் ரத்தாகி, டிசம்பரில் நடந்தபோது ஜெயித்த தினகரன் ஒரு சுயேச்சை. சுய இச்சை என்று பிரித்துப் படித்தால் எவ்வளவு அழகான வார்த்தை. இங்கே அதற்குச் சின்னம் கிடைக்காத கட்சிக்காரர் என்று பொருள்.

கடைசியாக 2022. பிப்ரவரி 19 அன்று நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். மாநிலம் முழுவதும் நூற்றுக்கு 60க்குச் சற்று மேல் வந்தார்கள். சென்னை மாநகராட்சியில் 43.59. பட்டியலில் செத்தவர் பெயரும் வீடு மாறினவர் பெயரும் இருக்கும்; தள்ளிக்கொள்ளலாம். தள்ளினாலும் பாதி நகரம் வரவில்லை. 200 வார்டுகளில் 153இல் தி.மு.க. ஜெயித்தது. வராத 56 பேரை, ஆட்சியில் திருப்தி உள்ளவர்கள் என்று ஆளும் கட்சி எடுத்துக்கொள்ளலாம். நம்பிக்கை இழந்தவர்கள் என்று எதிர்க்கட்சி எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்தத் தடவை வந்தவர்களையும் பார்க்க வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் மத்திய சென்னையிலும் தென்சென்னையிலும் வந்தவர்கள் 54 சதவீதத்தையொட்டி, வடசென்னையில் 60. துறைமுகமும் ஆலைகளும் குடிசை மாற்று வாரிய அடுக்குகளும் உள்ள பக்கம் வருகிறது. அடையாறும் மயிலாப்பூரும் உள்ள பக்கம் குறைவாக வருகிறது. 1920இல் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் இப்போது வரிசையில் நிற்கிறார்கள். 2022 மார்ச்சில் வடசென்னையின் 74ஆவது வார்டிலிருந்து வந்த ஆர். பிரியா மேயரானார். இந்த மாநகராட்சியின் முதல் தலித் பெண் மேயர்.